கேட்கும்போது தண்ணீர், கொடுத்தபின் கணக்கு

ஹாங்காங்கில் பல கடை ரசீதுகளில் தொகைக்குப் பக்கத்தில் 'யூன்' என்ற சீன எழுத்து இருக்கும். டாலர் என்று பொருள். அப்படியொரு ரசீதைக் கையில் வைத்துக்கொண்டே கடைக்காரர் "ங் ஸப் மன்" என்பார். ஐம்பது டாலர். எழுத்தில் யூன், வாயில் மன். வங்கி, நீதிமன்றம், செய்தி வாசிப்பு ஆகிய மூன்றையும் விட்டு வெளியே வந்துவிட்டால் கான்டனீஸ் என்ற அவ்வூர்ச் சீன மொழியைப் பேசுகிறவர்கள் டாலரைப் பெரும்பாலும் இப்படித்தான் சொல்கிறார்கள். மொழி தெரியாமல் அங்கே வேலைக்குப் போகிறவர்கள் முதலில் பழக வேண்டிய சொல் இதுதான்.

நடுவில் சதுர ஓட்டை போட்ட பழைய செப்புக்காசு ஒன்றுக்கு 'மன்' என்று பெயர். காசு ஒழிந்தது, பெயர் தங்கிவிட்டது. பேச்சில் அதன் தொனி மட்டும் ஏறிப்போனதால், அதே தொனியில் ஒலிக்கிற 'கொசு' என்ற எழுத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார்கள். கையால் எழுதிய விலைப்பலகைகளில் இருபது கொசு, முப்பது கொசு என்று இருப்பதைச் சீனம் படிக்கத் தெரிந்த வேற்றூர்க்காரர்கள் திகைத்துப் பார்ப்பார்கள்.

கான்டனீஸில் தொனி மாறினால் பொருள் மாறிவிடும். நம் எழுத்தில் தொனியைக் காட்ட வழியில்லை. அதனால் இங்கே எழுதியிருக்கும் ஒலிகளை அடையாளத்துக்காக வைத்துக்கொள்ளுங்கள், அப்படியே உச்சரிப்பதற்காக அல்ல. ஆனால் குறில் நெடில் வேறுபாடு அந்த மொழியில் உண்டு, அது நமக்குக் கைவந்தது. சொல்லின் முதலிலேயே 'ங' வரும், அதுவும் நமக்குச் சிரமமில்லை. நாம் எழுத்தாகப் படித்துவிட்டு சொல்லின் தொடக்கத்தில் அநேகமாகத் தொடாத அந்த எழுத்து, ஹாங்காங் சந்தையில் நாள் முழுக்கப் புழங்குகிறது.

டாலரில் பத்தில் ஒரு பங்கு 'ஹோவ்'. சில்லறையோடு சேர்த்து விலை சொல்லும்போது 'மன்' விலகி 'கோ' என்ற சொல் நடுவில் வரும். மூன்று டாலர் அறுபது காசு என்றால் "ஸாம் கோ லுக்", அதாவது 'மூன்று, ஆறு'. ஒரு டாலர் இருபது காசு என்றால் 'ஒன்று' என்பதையும் விழுங்கிவிட்டு "கோ யீ" என்று முடித்துவிடுவார்கள். புதிதாக வந்தவர்கள் சறுக்குவது இதற்கடுத்த படியில். "பாக் யீ" என்றால் சொல்லுக்குச் சொல் 'நூறு, இரண்டு'. ஆனால் தொகை 120. 102 என்று சொல்ல வேண்டுமானால் நடுவில் பூஜ்யத்தைக் குறிக்கும் 'லிங்' வர வேண்டும். அதேபோல 'ஆயிரம், ஐந்து' என்றால் 1,500. கடைசியில் வரும் எண் அடுத்த கீழ்ப்படியைச் சேர்ந்தது என்று ஒருமுறை மனதில் பதித்துக்கொண்டால் போதும்.

தொகை பெரிதாகும்போது சொற்கள் விளையாட ஆரம்பிக்கின்றன. பத்து டாலர் ஒரு 'புல்'. நூறு டாலர் ஒரு 'கட்டித் தண்ணீர்', ஒலி "யத் கவ் ஸோய்". ஆயிரம் ஒரு 'சாய்கோடு', ஏனென்றால் ஆயிரம் என்ற சீன எழுத்தின் முதல் இழுப்பே ஒரு சாய்கோடுதான். பத்தாயிரம் ஒரு 'தோல்'. பத்து லட்சம் ஒரு 'பந்து'. வீடு வாங்குவது பற்றிப் பேசும் ஹாங்காங்காரர்கள் எத்தனை பந்து என்றே கேட்டுக்கொள்வார்கள். அந்த ஊர் வீட்டு விலைக்கு அதைவிடச் சின்ன அலகு உதவாது.

நோட்டுகளுக்கும் செல்லப்பெயர்கள் உண்டு. சிவப்பாக இருக்கும் நூறு டாலர் நோட்டு 'ஹுங் ஸாம் யூ', சிவப்புச் சட்டை மீன். நம் சங்கரா மீனைப் போல மேலெல்லாம் செம்மை படர்ந்த மீன் அது, ஹாங்காங் வீடுகளில் அடிக்கடி வறுபடுவது. ஐநூறு 'டாய் ஙவ்', பெரிய மாடு. ஆயிரம் டாலர் நோட்டு பொன்னிறம் என்பதால் 'கம் ஙவ்', தங்க மாடு. பத்து டாலர் நோட்டு பச்சையாக இருந்த காலத்தில் அதைப் 'பச்சை நண்டு' என்றார்கள். 2002இல் அரசே வெளியிட்ட ஊதா நோட்டு வந்ததும் அது 'புள்ளி நண்டு' ஆகிவிட்டது. மற்ற நோட்டுகளை மூன்று வங்கிகள் வெளியிடுகின்றன. ஒரே நூறு டாலரில் மூன்று வகைப் படம் புழக்கத்தில் இருக்கும். நிறம் மட்டும் பொது. செல்லப்பெயர்கள் நிறத்தைப் பிடித்துக்கொண்டதற்கு அதுவே போதுமான காரணம்.

இனி தண்ணீர். நூறு டாலரைக் கட்டித் தண்ணீர் என்பது தனித்த வேடிக்கை அல்ல. தெற்குச் சீனத்தில் தண்ணீர் என்றால் செல்வம். முத்து ஆற்றின் கழிமுகத்தில், படகிலும் வாய்க்காலிலும் சரக்கு வந்திறங்கிய ஊர்களில் வளர்ந்த மொழிக்கு இது இயல்பான எண்ணம். 'ஸோய்', தண்ணீர், காசைப் பற்றிய கொச்சைச் சொற்களில் பாதியில் நுழைந்திருக்கிறது. கையில் பணம் நிறைந்தவர் 'டாப் ஸோய்', தண்ணீரை அடுக்கி வைத்திருப்பவர். செலவுக்கு அஞ்சாத பெரும்புள்ளி 'பெரிய தண்ணீர்க் குழாய்'. நாலு பக்கமும் வருமானம் கொட்டுகிறவரைப் பற்றிச் சொல்லும் தொடர், 'பன்றிக் கூடைக்குள் தண்ணீர் புகுந்ததுபோல'. பன்றியைச் சந்தைக்குக் கொண்டுபோக மூங்கிலில் பின்னிய நீளக் கூடை, உடம்பெல்லாம் கண் கண்ணாக ஓட்டை. அதைத் தண்ணீரில் அமிழ்த்தினால் எந்தப் பக்கத்திலிருந்து நீர் ஏறுகிறது என்றே சொல்ல முடியாது. இந்தத் தொடரைக் கண்டுபிடித்த ஆளை நினைத்தால் மரியாதை வருகிறது.

பணம் இல்லாதவரின் நிலைமை 'கொன் தொங்', வற்றிய குளம். அவசரத்துக்கு நாலு பேரிடம் ஓடி அலைந்து காசு புரட்டுவது 'பொக் ஸோய்', தண்ணீருக்குப் பாய்வது. ஒருவரிடம் கைமாற்றுக் கேட்பது 'டொக் ஸோய்', தண்ணீரை அளப்பது. கடைக்காரர் வாங்கிய பணத்தைத் திருப்பித் தந்தால் 'வுய் ஸோய்', தண்ணீர் திரும்பியது. கச்சேரி ரத்தானாலோ காட்சி சொதப்பினாலோ கூட்டம் இதைத்தான் கத்தும்.

தண்ணீரே செல்வம் என்ற இந்த நம்பிக்கை அடுப்பங்கரை வரை போயிருக்கிறது. ஈரல் என்ற சொல்லும் 'வறண்ட' என்ற சொல்லும் கான்டனீஸில் ஒரே ஒலி, 'கொன்'. கறிக்கடையில் நின்று வறட்சி வேண்டும் என்று யார் கேட்பார்? அதனால் பன்றி ஈரலுக்கு 'ஈரப்பதம்' என்ற பொருளுடைய வேறு பெயர் வைத்துவிட்டார்கள். ஹாங்காங்கில் காலையில் நூடுல்ஸோடு அதைச் சாப்பிடுகிறவர்கள் இந்தப் பெயரில்தான் கேட்கிறார்கள். நாக்குக்கும் அதே கதை. நாக்கின் பழைய பெயர் 'நஷ்டம்' என்று ஒலிப்பதால், 'லாபம்' என்று ஒலிக்கும் பெயரால் அதை அழைக்கிறார்கள். இவற்றை மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. நாள் வருமானத்தில் வாழும் வியாபாரிகளின் கவலை இந்தப் பெயர்களில் படிந்திருக்கிறது.

கடன் என்று வந்ததும் இன்னொரு சொற்குடும்பம் எழுந்து வருகிறது. அதன் தலைச்சொல் 'ஸோவ்', கணக்கு. கடனை வசூலிப்பது 'ஸவ் ஸோவ்', கணக்கை வாங்குவது. கொடுக்காதவரைத் துரத்துவது 'ஜோய் ஸோவ்', கணக்கைத் துரத்துவது. கடன் அட்டையில் ஏறிய பாக்கி 'அட்டைக் கணக்கு'. காசு வேண்டும் என்று கேட்டு வருகிறவர் பேசுவது தண்ணீர். கொடுத்தவர் திரும்பக் கேட்கும்போது பேசுவது கணக்கு. ஒரே நூறு டாலர், கைமாறுவதற்கு முன்னால் நீர், கைமாறிய பின்னால் எண். இதற்கு விலக்குகள் இருக்கின்றன. "பொங் ஸோய்!" என்றால் 'எடைபோட்டுத் தண்ணீரை எடு', அதாவது காசைக் கீழே வை. இது வசூலிக்க வந்தவன் அதட்டலாகச் சொல்வது. ஆனாலும் பொதுவான போக்கு நான் சொன்னதுதான். இந்தப் பிரிவினையை உணர்ந்தால் ஒரு உரையாடலில் யார் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும்.

தமிழ்க்காதுக்கு உதவும் என்று முன்பு சொன்ன குறில் நெடில் இப்போது தேவைப்படுகிறது. 'ஜாவ் ஸோவ்' என்று நெடிலாகச் சொன்னால் பாக்கியைக் கொடுத்துத் தீர்ப்பது. 'ஜவ் ஸோவ்' என்று குறிலாகச் சொன்னால் பாக்கியைக் கொடுக்காமல் ஓடிவிடுவது. இரண்டுக்கும் தொனி ஒன்றே. உயிரின் நீளம் மட்டும் வேறு. ஆங்கிலேயர்கள் பல வருடம் இருந்தும் கோட்டை விடுகிற இடம் இது. நாமோ பள்ளிக்கூடத்தில் மாத்திரை படித்தவர்கள்.

இந்த இரண்டு சொற்களும் காசைத் தாண்டி வாக்குறுதிக்கும் போய்விட்டன. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத நண்பன் 'ஜவ் ஸோவ்' செய்துவிட்டான். தேர்தலுக்கு முன் சொன்னதைச் செய்யாத அரசியல்வாதியைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதும் சொல்லும் அதுவே. வாக்கு கொடுத்தால் கடன் வாங்கியதாகவே அர்த்தம் என்று இந்த மொழி எடுத்துக்கொள்கிறது.

சின்னக் கடனுக்கு உரிய வினைச்சொல் 'ஜாங்'. அதற்கு 'குறைவாக இருப்பது' என்பதே அடிப்படைப் பொருள். "நான் உனக்கு இருபது மன் ஜாங்" என்றால் உனக்கு வர வேண்டியதில் இருபது குறைகிறது, அதற்கு நான் பொறுப்பு. பத்திரங்களில் எழுதும் கனமான கடன் சொல் வேறு இருக்கிறது. அதைத் தேநீர்க் காசுக்கு எடுத்தால் எதிரில் இருப்பவர் பயந்துபோவார்.

ஒரு மதிய வேளையை எடுத்துக்கொள்வோம். அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரரோடு நீங்கள் 'சா சான் தெங்' ஒன்றுக்குப் போகிறீர்கள். தேநீரும் சோறும் வேகமாகக் கிடைக்கும், நெரிசலான, மேசையைப் பகிர்ந்துகொள்ள வேண்டிய ஹாங்காங் உணவகம் அது. சாப்பாடு முடிந்ததும் வாசலருகே இருக்கும் கல்லாவில் பணம் கட்ட வேண்டும். உங்கள் கையில் ஒரே ஒரு பெரிய மாடு. கல்லாக்காரர் சில்லறை இல்லை என்று தலையை ஆட்டுகிறார், பின்னால் வரிசை நீள்கிறது. நண்பர் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கட்டிவிடுகிறார். அப்போது நீங்கள் சொல்ல வேண்டிய மூன்று சொற்கள்: "ஜாங் ஜ்யூ ஸின்." 'ஜ்யூ' என்பது ஒரு நிலை தொடர்கிறது என்று காட்டும் துணைச்சொல். 'ஸின்' என்றால் முதலில், தற்போதைக்கு. இப்போதைக்குப் பாக்கியாகவே நிற்கட்டும் என்பது கருத்து. 'அப்புறம் தரேன்' என்று நாம் சொல்வதில் எதிர்காலம் மட்டும் இருக்கிறது. கான்டனீஸ்காரர் பாக்கி இந்த நொடியில் உயிரோடு இருக்கிறது என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறார். எனக்கு இந்தத் தொடர் மிகவும் பிடிக்கும். மன்னிப்புக் கேட்கும் தொனி அதில் இல்லை. பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் தொனியும் இல்லை.

நண்பர் "ஸப் ஸப் ஸோய்" என்று பதில் சொல்லக்கூடும். அற்பத் தொகை, இதைப் போய்ப் பேசுகிறாயே என்று பொருள். இந்த ஸோய் தண்ணீர் அல்ல, தொனி வேறு, 'துணுக்கு' என்ற பொருளில் வரும் சொல். மறுநாள் நீங்கள் காசை நீட்டும்போது "ம் ஸை" என்பார், வேண்டாம். அறுபது மன் சாப்பாடு என்றால் இன்னொரு முறை நீட்ட வேண்டும், வாங்கிக்கொள்வார். பதினைந்து மன் பால் தேநீர் என்றால் வற்புறுத்தக் கூடாது. அடுத்த முறை நீங்கள் முந்திக்கொண்டு கட்டிவிட்டால் சரியாகிவிடும். இரண்டாவது முறையும் அவரையே கட்டவிட்டால்தான் உங்கள் பெயர் கெடும். கையிறுக்கக்காரனுக்குக் கான்டனீஸில் 'கூ ஹோன்' என்று பெயர், தனிமையும் குளிரும் என்று எழுத்துகள் சொல்கின்றன. அந்தப் பெயர் ஒருமுறை ஒட்டிவிட்டால் உரிப்பது கடினம்.

நண்பரே மறந்துவிட்டால் எப்படி நினைவூட்டுவது? இங்கே ஹாங்காங்காரர்கள் ஒரு நல்ல உத்தி வைத்திருக்கிறார்கள். ரவுடிகள் பேசும் சொல்லை எடுத்துக்கொள்கிறார்கள். "கணக்கைத் துரத்த வந்திருக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே நாற்காலியருகே வந்து நிற்பது, "பொங் ஸோய்" என்று கையை நீட்டுவது. முப்பது மன்னுக்கு அடியாள் வேடம் போடும்போது, கேட்பவருக்கும் கூச்சமில்லை, கொடுப்பவருக்கும் அவமானமில்லை. கடனாளியை மிரட்டுவதற்காகப் பிறந்த சொற்கள் நட்பைக் காப்பாற்ற வந்து நிற்கின்றன.

பெரியவர்களோடு காலையில் தேநீரும் டிம் சம் என்ற சிறு பலகாரங்களும் சாப்பிடப் போகும் 'யம் ச்சா' வேறு விதம். அங்கே யாரும் பங்கு பிரிப்பதில்லை. பில்லைக் கேட்கும் சொல் 'மாய் டான்'. அது இன்று சீனா முழுக்கப் பரவி, வடக்கே 'வாங்கு' என்ற பொருள் தரும் எழுத்தோடு வேறு உருவெடுத்திருக்கிறது. பில் வந்ததும் மேசையில் ஒரு போர் மூளும். ஒரு பெரியம்மா பில்லைப் பறிப்பார், மாமா அவர் கையைத் தட்டிவிடுவார், யாரோ ஒருவர் கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லிப் பத்து நிமிடம் முன்பே கல்லாவில் கட்டிவிட்டு வந்திருப்பார். இந்தச் சண்டைக்கும் 'ஜாங்' என்றே பெயர். போட்டிபோடுவதும் கடன்பட்டிருப்பதும் ஒரே ஒலி, ஒரே எழுத்து. தோற்றவர் அன்றைக்கு ஒரு விருந்து பாக்கி வைத்தவராகத்தான் வீடு திரும்புகிறார். அடுத்த வாரம் அவர்தான் முந்துவார்.

இளைஞர்களிடையே சமமாகப் பிரித்துக் கட்டும் வழக்கம் இப்போது சாதாரணம், அதற்கு 'ஏஏ' என்று பெயர். பெற்றோரிடம் மட்டும் எந்தக் கணக்கும் செல்லாது. சம்பாதிக்கும் பிள்ளைகள் மாதாமாதம் வீட்டுக்குக் கொடுக்கும் பணம் 'கா யுங்', வீட்டுச் செலவு. திருமணமாகித் தனியே போன பிறகும் பலர் அதைக் கொடுக்கிறார்கள். அதை யாரும் தண்ணீர் என்றோ ஸோவ் என்றோ சொல்வதில்லை.

பழமொழிகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன. 'மனதைப் பேசு, பொன்னைப் பேசாதே, பொன்னைப் பேசினால் உறவு புண்படும்' என்று ஒன்று. மனம் 'ஸம்', பொன் 'கம்', எதுகை கச்சிதமாக விழுவதால் எல்லோர் வாயிலும் இருக்கிறது. அதற்கு எதிரே, 'கணக்கு கணக்காக, பாதை பாதையாக' என்று இன்னொன்று. நட்பு ஒரு வழி, பாக்கி ஒரு வழி, ஒன்றைக் காட்டி மற்றதை அழிக்காதே என்பது கருத்து. இரண்டில் எது சரி என்று என்னைக் கேட்டால் இரண்டாவதுதான். சின்னக் கடனைச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டு உள்ளுக்குள் புழுங்குகிறவர்களே உறவை முறிக்கிறார்கள்.

கூடிப் பணம் போடும் வழக்கமும் அங்கே நீண்டகாலமாக உண்டு. தெரிந்தவர்கள் சேர்ந்து மாதாமாதம் ஒரு தொகை போட்டு, ஏலத்தில் ஒருவர் எடுத்துக்கொள்வது. நடத்துகிறவருக்கு 'கூட்டத் தலை' என்று பெயர். நம் ஏலச் சீட்டேதான். தலை ஓடிவிட்டால் எல்லோரும் தெருவில் நிற்பதும் அதேதான். இதைத் தொழிலாக நடத்துவதைத் தடைசெய்து ஹாங்காங்கில் ஒரு சட்டம் இருக்கிறது. அதன் ஆங்கிலப் பெயரில் 'சிட் ஃபண்ட்' என்றே எழுதியிருக்கிறது. இந்தியாவில் புழங்கிய சொல் பிரிட்டிஷ் நிர்வாகத்தின் வழியாக அந்தத் துறைமுகம் வரை போய்ச் சட்டப்புத்தகத்தில் அமர்ந்திருக்கிறது.

அடகுக்கடையைச் செல்லமாக 'யீ ஸுக் குங்' என்பார்கள், 'இரண்டாவது சின்னத் தாத்தா'. கஷ்டத்தில் உதவ ஓர் உறவுக்காரர் இருக்கிறார் என்ற பாவனை. வாசலில் தொங்கும் விளம்பரப் பலகை, வௌவால் ஒன்று காசைக் கவ்விப் பிடித்திருப்பதுபோன்ற வடிவம். வௌவாலும் நற்பேறும் அவர்கள் மொழியில் ஒரே ஒலி. பழைய கடைகளில் கதவைத் தாண்டியதும் ஆள் உயரத்துக்கு ஒரு மரத்தடுப்பு நிற்கும், பெயரே 'வெட்கம் மறைக்கும் பலகை'. உள்ளே இருப்பவர் யாரென்று தெருவில் போகிறவர்களுக்குத் தெரியாது. கல்லா தலைக்கு மேலே இருக்கும். பொருளை இரண்டு கைகளாலும் தூக்கித்தான் கொடுக்க வேண்டும். அதனால் அடகு வைப்பதற்குக் கொச்சையில் 'தூக்குவது' என்றே சொல். வட்டிக்குச் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது: சாந்திர மாதத்துக்கு 3.5 சதவீதம். நான்கு சாந்திர மாதங்களுக்குள் மீட்க வேண்டும், இல்லாவிட்டால் பொருள் கடைக்குப் போய்விடும். வான்சாய் பகுதியில், ஜான்ஸ்டன் சாலையில், 1888இல் கட்டிய 'வோ ச்சொங்' என்ற அடகுக்கடைக் கட்டடத்தைப் பின்னாளில் புதுப்பித்து உணவகமாக்கினார்கள்.

சின்னத் தாத்தாவிடம் வைக்கப் பொருள் இல்லாதவர்கள் போய் விழும் இடம் 'டாய் யீ லுங்', பெரிய காதுத்துளை. கந்துவட்டிக்காரன். பெயர் வந்த விதம் பற்றி இரண்டு கதைகள் சொல்லப்படுகின்றன. பழைய காலத்தில் வட்டிக்குக் கொடுத்த இந்தியர்கள் பெரிய காதணி அணிந்திருந்தார்கள் என்பது ஒன்று. பணம் கொடுப்பவன் அடையாளத்துக்குக் காதில் ஒரு காசைச் செருகி வைத்திருப்பான் என்பது மற்றொன்று. அவர்கள் வட்டிக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு: 'ஒன்பது போகும், பதின்மூன்று திரும்பும்'. பத்தாயிரம் என்று எழுதி வாங்கிக்கொண்டு கையில் ஒன்பதாயிரம் கொடுப்பார்கள், திருப்பும்போது பதின்மூன்றாயிரம் கேட்பார்கள். தவறினால் வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம். முதல் பாதியில் எழுதிய விளையாட்டுச் சொற்களின் அடியில் இப்படி ஒரு பயங்கரம் உண்மையிலேயே இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. ஹாங்காங்கில் பணம் கடன் கொடுக்க உரிமம் வேண்டும். உரிமம் உள்ளவர்களும் ஆண்டுக்கு 60 சதவீதம் வரை வாங்கலாம் என்றிருந்த உச்சவரம்பு 2022 டிசம்பர் 30 முதல் 48 சதவீதமாகக் குறைந்தது. என் கண்ணுக்கு அதுவும் அதிகம்தான்.

இந்தக் காதுத்துளை தமிழுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் கான்டனீஸ் பேசும் சீனர்கள் நிறையப் பேர். அவர்கள் வாயில் 'டாய் யீ லுங்' சுருங்கி 'ஆ லோங்' ஆனது. அது மலாய்க்குப் போய், மலேசியத் தமிழ் நாளிதழ்களில் 'ஆலோங்' என்று அச்சேறுகிறது. மலாயாவில் நகரத்தாரின் கிட்டங்கிகளில் முறைப்படி கடன் வாங்கிப் பழகிய தமிழ்க் குடும்பங்களுக்கு, உரிமம் இல்லாமல் விளக்குக் கம்பத்தில் தொலைபேசி எண்ணை ஒட்டிவிட்டுப் போகிற இந்தப் புது ஆளைக் குறிக்க ஒரு பெயர் தேவைப்பட்டது. 'வட்டி முதலை' என்ற நல்ல தமிழ்ப் பெயரும் அங்கே இருக்கிறது. இரண்டும் ஒரே செய்தியில் அடுத்தடுத்த வரியில் வருவதுண்டு.

காசு கண்ணில் படாத காலத்திலும் இந்தச் சொற்கள் எப்படிப் பிழைக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். சில பிழைக்கவில்லை. ஐந்து காசு நாணயத்துக்கு 'டவ் லிங்' என்று பெயர். அது வியாபாரிகளின் ரகசிய எண்மொழியில் 'மூன்று, ஆறு'. அந்த நாணயத்துக்கு ஈடான வெள்ளியின் எடையிலிருந்து வந்தது. நாணயம் போய்விட்டது. ஊசிமுனைபோல் மெலிந்த குதிகால் செருப்பை மட்டும், அடிப்பாகம் அந்தக் காசளவே இருக்கும் என்பதால், 'டவ் லிங் குதிகால்' என்று இன்னும் சொல்கிறார்கள். 1997 செப்டம்பரில் ஆக்டோபஸ் என்ற கட்டண அட்டை வந்தபின் பேருந்திலும் கடையிலும் சில்லறை தேடுவது குறைந்தது. அட்டையை வைத்ததும் கருவி எழுப்பும் 'டுட்' என்ற ஒலியே 'கட்டு' என்று சொல்லும் வினைச்சொல் ஆகிவிட்டது. 2018 செப்டம்பரில் ஹாங்காங் நாணய ஆணையம், எந்த வங்கியிலிருந்தும் எந்த வங்கிக்கும் உடனே பணம் அனுப்பும் அமைப்பைத் தொடங்கியது. அதற்கு வைத்த சீனப் பெயர் 'ஜ்யூன் ஸோவ் ஃபாய்': கணக்கு மாற்றம், வேகம். கான்டனீஸில் அதே தொடருக்கு மூளை வேகமாகச் சுழல்கிறவர் என்றும் பொருள். பெயர் வைத்த அதிகாரிகள் தெருப்பேச்சு தெரிந்தவர்கள்.

இதனால் மதியச் சாப்பாட்டு மேசையில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. சில்லறை இல்லை என்ற காரணம் செல்லுபடியாவதில்லை. நண்பர் கட்டி முடிப்பதற்குள் உங்கள் பங்கை அவர் தொலைபேசி எண்ணுக்கு அனுப்பிவிடலாம். அதனால் இப்போது ஒருவர் "ஜாங் ஜ்யூ ஸின்" என்று சொன்னால், பாக்கியை விரும்பியே நிறுத்தி வைக்கிறார், அடுத்த சாப்பாட்டுக்குத் தானே அழைக்கப் போகிறார் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். அப்படி அழைத்தால் போய்விடுங்கள். காசாகத் திருப்பித் தரும்படி கேட்காதீர்கள்.